ஒயின் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது

தமிழ்நாட்டில் ‘ஒயின்ஷாப்’ என்று போர்டு மாட்டியிருந்த கடைகளில் அநேகமாகக் கிடைக்காத சரக்கு ஒன்று உண்டு: ஒயின். பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் கேட்டால் கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. போர்டு போனது, பெயர் மட்டும் ஜனங்கள் வாயில் தங்கிவிட்டது. மும்பையிலும் புனேயிலும் இதே கதைதான். ‘வைன் ஷாப்’ என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே விஸ்கி வரிசை வரிசையாக நிற்கும். திராட்சை ஒயின் ஏதாவது ஓர் ஓரத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், தூசி படிந்து வெந்துகொண்டிருக்கும்.

அந்த ஓரத்து பாட்டிலுக்குப் பின்னால் ஒரு குடும்பமும் அதன் சேமிப்பும் இருக்கக்கூடும். வாங்குபவருக்கு அது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள விரும்புபவர் போய் உட்கார வேண்டிய ஊர் நாசிக்.

வெளியூர்க்காரர்களுக்கு நாசிக் என்றால் கும்பமேளா, வெங்காயம், ரூபாய் நோட்டு அச்சகம். திராட்சையும் உண்டு. ஆனால் அது தட்டில் வைத்துச் சாப்பிடும் திராட்சை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்த், குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டு 2000ல் சூலாவின் முதல் பாட்டில்களை வெளியே கொண்டுவந்தார். மகாராஷ்டிர அரசு 2001ல் ஒயின் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து வரிச் சலுகை கொடுத்தது. அதன் பிறகு விவசாயிகளும் வியாபாரிகளும் ஆளுக்கொரு ஒயின் ஆலையோடு களத்தில் குதித்தார்கள்.

அப்படிக் குதித்தவர்களில் ஒன்று குர்நானி குடும்பம். கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி, சூலாவுக்கு அண்டை வீட்டுக்காரர்போல, 2006ல் ‘யார்க்’ என்ற ஆலையைத் தொடங்கியது. பெயரைக் கேட்டால் ஏதோ இங்கிலாந்துச் சமாச்சாரம் என்று தோன்றும். விஷயம் வேறு. யோகிதா, ரவி, கைலாஷ். வீட்டின் மூன்று பிள்ளைகளின் ஆங்கில முதலெழுத்துகளை ஒட்டிவைத்த பெயர் அது. கைலாஷ் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துவிட்டு வந்து தொட்டிகளின் பொறுப்பை ஏற்றார். விற்பனை ஒரு பிள்ளையிடம், தொட்டி ஒரு பிள்ளையிடம் என்று மளிகைக் கடையைப்போலவே நடந்த கம்பெனி.

அணையைப் பார்த்த சுவைக் கூடத்தில் அந்தக் குடும்பத்தின் கைச்சரக்கை வரிசையாக ருசி பார்க்கலாம். வெள்ளை ஒயின்களும் உண்டு. ஆனால் ஒரு சின்ன ஆலையின் பலமும் கஷ்டமும் தெரிவது சிவப்பில்தான். யார்க்கின் பெயரில் வெளியான சிவப்புகளில் மூன்று போதும்: கேபர்னேயும் மெர்லோவும் கலந்தது, ஷிராஸ், பிறகு ‘ஆரோஸ்’. லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பது முறை. தலைகீழாகப் போனால் நாக்கு முதல் கோப்பையிலேயே களைத்துவிடும்.

ருசி பார்ப்பதில் ஒரு மந்திரமும் கிடையாது. கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். இளம் சிவப்பில் நாவற்பழ ஊதா இருக்கும். வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். லேசாகச் சுழற்றி மோந்து பார்க்க வேண்டும். ஒரு மடக்கை வாயில் வைத்து, கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கலாம் அல்லது துப்பிவிடலாம். துப்புவது அவமரியாதை அல்ல. பத்து ஒயினைப் பார்க்க வேண்டியவர் துப்பாவிட்டால் ஐந்தாவதுக்குமேல் எழுதும் குறிப்பு அவருக்கே புரியாது.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சௌகரியம் உண்டு. சிவப்பு ஒயினின் உயிர் அதன் துவர்ப்பு. மேல்நாட்டுப் புத்தகங்கள் அதைப் புரியவைக்கப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, ஏனென்றால் அவர்களுடைய அடிப்படைச் சுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அறுசுவையில் அதைத் தனிச் சுவையாகவே வைத்திருக்கும் நாக்குக்குப் பாடம் தேவையில்லை. பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ, அதிகம் கொதித்துவிட்ட டிகாஷன். கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்ச்சிதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலும் நிறமற்ற சாறுதான் வரும். அதைத் தோலோடு சேர்த்து நாள்கணக்கில் நொதிக்கவிட்டால்தான் சிவப்பும் வரும், துவர்ப்பும் வரும்.

முதல் கோப்பை, கேபர்னேயும் மெர்லோவும். இதில் தேட வேண்டியது ஒரே ஒரு வாசம்: பச்சைக் குடைமிளகாய். கேபர்னே முழுதாக முதிராமல் பறிக்கப்பட்டாலோ, ஒரு கொடியில் அளவுக்கு மீறிக் குலைகளை விட்டிருந்தாலோ அந்தப் பச்சை வாசம் தூக்கலாக வரும். துவர்ப்பும் பாக்குப்போல இல்லாமல் பிஞ்சு வாழைக்காய்போலக் கறைபிடிக்கும். நாசிக்கின் சாப்பாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் ஏக்கருக்குப் பத்து டன் எடுப்பது சர்வசாதாரணம். நல்ல சிவப்பு ஒயினுக்கு அதில் பாதிகூட எடுக்கக் கூடாது. பிஞ்சுக் குலைகளை வெட்டிக் கீழே போட வேண்டும். கிலோ கணக்கில் பணம் வாங்கிப் பழகிய விவசாயிக்கு அது பிள்ளையின் தட்டிலிருந்து சோற்றை எடுப்பதுபோல. குடைமிளகாய் அடங்கி, கறுப்புப் பழ வாசம் மேலே நின்றால், தோட்டத்தில் யாரோ மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது ஷிராஸ். நாசிக் மண்ணோடு நன்றாக ஒத்துப்போன சிவப்பு இது. இதில் மிளகு வாசம் வரும் என்று சொன்னால் ஒயின் பண்டிதர்களின் கற்பனை என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஷிராஸின் தோலில் உள்ள ரோட்டண்டோன் என்ற பொருளும் மிளகுக்கு அதன் வாசத்தைக் கொடுக்கும் பொருளும் ஒன்றேதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரே மேஜையில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லை என்றும் சண்டை போட்டால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாவது கோப்பைக்கு வரும்போது பேச்சு குறையும். ஆரோஸ், ஷிராஸும் கேபர்னே சாவின்யோனும் சேர்ந்த கலவை. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய பிறகு வெளிவரும், வீட்டின் பெரிய பிள்ளை மாதிரியான ஒயின். பீப்பாய் தருவது வெனிலா, கிராம்பு, கொஞ்சம் புகை. அதைவிட முக்கியம், மரத்தின் நுண்துளை வழியாகத் துளித்துளியாக உள்ளே போகும் காற்று. அது முரட்டுத் துவர்ப்பைத் தேய்த்துப் பட்டாக்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மாதங்கள் போக வேண்டும். பிறகு பாட்டிலில் இன்னும் சில மாதங்கள். முதல் கோப்பை தோட்டக்காரரின் கை, இரண்டாவது மண்ணின் குணம் என்றால், மூன்றாவது கோப்பையில் ருசிப்பது காலம். சின்னக் குடும்பத்திடம் இல்லாத சரக்கு அந்தக் காலம்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். அதாவது 300 பாட்டில். பிரெஞ்சு ஓக்கில் புதியது வாங்கினால் கப்பல் கூலி, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வந்துவிடும். மூன்று நான்கு அறுவடைக்குப் பிறகு அதில் வாசம் மிஞ்சாது, வெறும் மரத்தொட்டிதான். ஒயினின் அடக்கம் பாட்டிலுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பீப்பாய்க்குள் 90,000 ரூபாய் தூங்குகிறது. வட்டி 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10,800. நூறு பீப்பாய் வைத்திருக்கும் சின்ன ஆலைக்கு, ஒரு பாட்டில்கூட விற்காமல், ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குமேல் வட்டி மட்டும் போகும். ஜனவரியில் அறுத்த வெள்ளைத் திராட்சை அதே ஆண்டு மழைக்காலத்தில் பாட்டிலாகிப் பணமாகிவிடும். சிவப்பு அப்படி அல்ல. ஒயின் பொறுமையாகக் காத்திருக்கும். பேங்க் மேனேஜர் காத்திருக்க மாட்டார்.

இதற்கு மேல் வெயில். ஸ்பெயினின் ஆரோ நகரில் 1877ல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா குடும்பம் தன் சிறந்த சிவப்புகளைப் பத்தாண்டுக்கும் மேலாக வைத்திருந்துதான் வெளியிடுகிறது. பாறையைக் குடைந்த நிலவறையில் குளிர்ச்சி இயற்கையாகக் கிடைக்கிறது. மின்சார பில் கிடையாது. நாசிக்கில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். பீப்பாய் அறையைக் குளிராக வைக்க ஆண்டு முழுதும் இயந்திரம் ஓட வேண்டும், மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஐரோப்பியக் குடும்பத்துக்குத் தாத்தா தோண்டிவைத்த குகை செய்யும் வேலையை இங்கே டீசல் செய்கிறது.

கொடியும் இங்கே வேறு பஞ்சாங்கத்தில் வாழ்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி தானாகத் தூங்கிவிடும். நாசிக்கில் அதற்குத் தூக்கமே கிடையாது. ஆண்டுக்கு இரண்டு தடவை கவாத்து செய்ய வேண்டும். ஏப்ரல் வாக்கில் செய்வது கிளை வளர. மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் செய்வது பழம் பிடிக்க. ஐரோப்பா அறுவடை முடித்து ஓய்கிற நேரத்தில் இங்கே பூ. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்வரை. சிவப்பு வகைகள் கடைசியில் முதிரும், வெயில் ஏறத் தொடங்கும் சமயத்தில். பழத்தில் சர்க்கரை நாளுக்கு நாள் ஓட்டமாக ஏறும். தோலின் துவர்ப்பு நிதானமாகத்தான் பழுக்கும். இன்று பறித்தால் வாழைக்காய்க் கறை. ஒரு வாரம் கழித்துப் பறித்தால் ஆல்கஹால் தூக்கலாகி, புளிப்பு செத்து, ஜாம்போல ஆகிவிடும். இடையில் ஆலங்கட்டி மழை ஒன்று வந்தால் இந்த விவாதத்துக்கே அவசியம் இருக்காது. பெரிய கம்பெனி பல தோட்டத்துப் பழத்தைக் கலந்து தப்பைச் சரிசெய்துகொள்ளும். சின்ன ஆலை ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த முடிவோடு பல ஆண்டு வாழ வேண்டும்.

சரி, ஒயின் நன்றாக அமைந்துவிட்டது. விற்பது எங்கே? 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதும் மது அதற்கு வெளியேதான் நின்றது. ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி, தனி அனுமதி, ஒவ்வொரு லேபிளுக்கும் தனிப் பதிவுக் கட்டணம். லட்சம் பெட்டி விற்பவருக்கு அந்தக் கட்டணம் சில்லறை. இருநூறு பெட்டி அனுப்புபவருக்கு அது லாபம் முழுவதும். பக்கத்து மாநிலமான குஜராத்தில் மதுவிலக்கு. தமிழ்நாட்டில் வாங்குபவர் ஒரே ஒருவர், அரசாங்கம். சொந்த மாநிலத்திலாவது கதவு திறக்கட்டும் என்று மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில் பெரிய மளிகைக் கடைகளிலும் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. பாரதிய ஜனதா எதிர்த்தது, அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் என்று எச்சரித்தார், முடிவு கிடப்பில் போனது. வீட்டுச் சாமான் வாங்கும் இடத்தில் மது வேண்டாம் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்துக்கான விலையில் பெரும்பங்கைக் கொடுத்தது விஸ்கிக்காரர்கள் அல்ல.

அடிகளும் வரிசையாக வந்தன. உலகப் பொருளாதாரச் சரிவும் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலும் ஓட்டல்களைக் காலியாக்கின, ஒயின் தேங்கியது. அந்தத் தொழிலின் முன்னோடியான இண்டேஜ் கம்பெனியே சரிந்தது. ஒப்பந்தத்தை நம்பிய விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டுத் திராட்சைக்குத் திரும்பினார்கள். யார்க் அதைத் தாண்டி நின்றது. பிறகு 2020ல் கொரோனா ஊரடங்கு. பார்களும் ஓட்டல்களும் சுவைக் கூடங்களும் பூட்டப்பட்டன. அடுத்த ஆண்டு, 2021ல், அண்டை வீட்டு சூலா யார்க்கை வாங்கிக்கொண்டது. 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்குப் போனது. பிள்ளைகளின் முதலெழுத்துகள் பாட்டிலில் தொடர்ந்தன. கணக்குப் புத்தகம் கை மாறிவிட்டது.

இது யார்க் மட்டும் நடந்த பாதை அல்ல. பெங்களூர் பக்கம் நந்தி மலையடிவாரத்தில் 1988ல் தொடங்கிய குரோவர் குடும்பம், நாட்டின் சிவப்பு ஒயினுக்கு மரியாதை தேடிக்கொடுத்த வீடு. அது 2012ல் நாசிக்கின் ஸாம்பாவோடு இணைந்தது. அக்லூஜில் ஃப்ரடெல்லியை ஆரம்பித்தவர்கள் தொடக்கத்திலேயே மூன்று குடும்பத்துச் சகோதரர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். கம்பெனியின் பெயருக்கே இத்தாலிய மொழியில் சகோதரர்கள் என்றுதான் பொருள். ஹம்பி மலைப்பகுதியில் கிரஸ்மா என்ற சிறிய தோட்டம் தன் கேபர்னேயையும் சாஞ்சோவேசேயையும் அவசரமில்லாமல் வளர்க்கிறது. அதை நடத்தும் தம்பதி கிரானூல்ஸ் என்ற பெரிய மருந்துக் கம்பெனியின் சொந்தக்காரர்கள். ஆக, சிவப்பு ஒயினுக்குக் காத்திருக்க முடிந்தவர் யார் என்று பார்த்தால் பெரியவரோடு சேர்ந்தவர், பலரோடு சேர்ந்தவர், அல்லது வேறு வருமானம் உள்ளவர். ஒயினை மட்டுமே நம்பும் ஒற்றைக் குடும்பத்துக்கு அந்த வரிசையில் இடம் குறைவு.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய கம்பெனியிடம் குளிர்சாதன லாரி இருக்கிறது, எல்லா மாநிலத்திலும் ஆள் இருக்கிறது, ஓடாத ஒயினைத் தாங்கும் பணம் இருக்கிறது. பாட்டிலுக்குப் பாட்டில் ருசி மாறாது. தினசரி ஒரு கோப்பைக்கு அது போதும். ஆனால் ருசி மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே ஒரு அறுவடையின் முகத்தை அழித்துவிடும். சின்ன வீட்டுச் சிவப்பில் அந்த ஆண்டு மழை தாமதமானதும், பறிக்கும் நாளில் வீட்டுக்குள் நடந்த வாக்குவாதமும்கூடத் தெரியும். சில ஆண்டு சறுக்கும், சில ஆண்டு அசத்தும். அம்மாவின் குழம்புக்கும் ஓட்டல் குழம்புக்கும் உள்ள வித்தியாசம். ஓட்டல் குழம்பு என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்காக வீட்டு அடுப்பை யாரும் அணைத்துவிடுவதில்லை.

அந்த அடுப்பு எரிவதும் எரியாததும் ஓரளவு வாங்குபவர் கையிலும் இருக்கிறது. பாட்டிலில் அறுவடை ஆண்டு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புத்தம் புதிதாக வந்த சிவப்பு முரட்டுத்தனமாக இருந்தால் அது மோசமான ஒயின் என்று அர்த்தமில்லை. இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஓர் ஆண்டு விட்டுவைக்கலாம். குடும்பத்தால் சுமக்க முடியாத வட்டியில் ஒரு சின்னப் பங்கை வாங்குபவர் தன் அலமாரியில் சுமப்பதுபோலத்தான் அது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற வேதவாக்கையும் மறந்துவிடலாம். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. சென்னை அறைக்கும் நாக்பூர் அறைக்கும் அது பொருந்தாது. ஃபிரிட்ஜில் வைத்து 16, 18 டிகிரியில் எடுத்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறாது, பழ வாசம் முன்னே வரும். காரம் தூக்கலான குழம்போடு துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும். மிளகு போட்ட மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் நல்ல ஜோடி. கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை இழுத்துக்கொள்ளும், மிளகு மிளகோடு பேசிக்கொள்ளும்.

நாசிக் வரை போக முடிந்தவர்கள் போய் நேரிலேயே ருசி பார்க்கலாம். மற்றவர்களுக்கு வழி உள்ளூர்க் கடைதான். அங்கே ஓரத்தில் கிடக்கும் சின்ன ஆலையின் பாட்டிலை எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். பலர் கேட்கத் தொடங்கினால் அலமாரியும் கொஞ்சம் இடம் மாறும். இந்த பாட்டில் போன மே மாதத்தை எங்கே கழித்தது?